டோக்கன் கொடுத்தால் சீட் செய்வார்களா? நீண்ட காலப் பயன்பாட்டில் தெரியவருபவை

பியர்-டு-பியர் என்றால் மைய சர்வர் இல்லாமல் பயனர்களின் கணினிகளே (பியர்கள்) தமக்குள் கோப்பைப் பகிர்வது. கையில் உள்ள கோப்பைப் பிறருக்குத் தொடர்ந்து தருவதுதான் சீட் செய்வது. அப்படிப் பகிர்பவருக்குக் காசு கொடுத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்ற யோசனை, இந்த வகையில் பிரபலமான பிட்டோரண்டைவிடப் பழையது. மோஜோ நேஷன் என்ற கோப்புப் பகிர்வு அமைப்பு 2000-லேயே தனக்கென ஒரு டிஜிட்டல் நாணயம் வைத்திருந்தது, நிலைக்கவில்லை. அங்கே வேலை பார்த்த பிராம் கோஹன் 2001-இல் பிட்டோரண்டை வெளியிட்டபோது அதில் நாணயமே இல்லை.

அதற்குப் பதில் இருந்தது நேரடிக் கொடுக்கல் வாங்கல். யார் நமக்கு வேகமாகத் தருகிறார்கள் என்று கிளையன்ட் (நம் கணினியில் ஓடும் பகிர்வு மென்பொருள்) 10 விநாடிக்கு ஒருமுறை பார்த்து, முன்னணியில் இருக்கும் சிலருக்கு மட்டும் அப்லோட் தருகிறது. கூடவே ஓர் இடம் 30 விநாடிக்கு ஒருமுறை ஏதோ ஒரு பியருக்குக் குருட்டாம்போக்கில் போகும். கையில் கோப்பின் ஒரு துண்டுகூட இல்லாத புதியவர் உள்ளே நுழைவது அந்த வழியில்தான். வாலட் இல்லை, பொதுக் கணக்கேடு இல்லை. அதனால் கள்ளக் கணக்கு எழுதவும் இடமில்லை. அப்லோடை முழுதாகத் திறந்துவிட்டால் டவுன்லோடுக்கான ஒப்புகைப் பாக்கெட்டுகள் வரிசையில் சிக்கி, டவுன்லோடே படுத்துவிடும். இணைப்பின் அப்லோட் திறனில் 80 சதவீதம் அளவுக்கு வரம்பு வைப்பதே நடைமுறை. உள்வரும் போர்ட் (வெளியிலிருந்து வரும் இணைப்புகளுக்கான வாசல்) திறந்திருக்கிறதா என்பதையும் பாருங்கள். மூடியிருந்தால், அதேபோல் மூடிய போர்ட்டுடன் இருக்கும் பியர்களோடு பெரும்பாலும் இணையவே முடியாது.

ஓட்டை வேறிடத்தில். டவுன்லோட் முடிந்த நொடியில் தங்கியிருக்கக் காரணம் எதுவும் இல்லை. இமியூல் என்ற இன்னொரு பகிர்வு மென்பொருள் இதைக் கொஞ்சம் அடைத்தது: நமக்குக் கொடுத்தவரை நம் கிளையன்ட் நினைவில் வைத்து, அவரது வரிசை மதிப்பை அதிகபட்சம் 10 மடங்கு உயர்த்தும். ஆனால் அந்தக் கணக்கு நம் கணினியில் மட்டும்தான் இருக்கும். மூன்றாமவரிடம் செல்லாது.

எல்லோருக்கும் பொதுவான கணக்கு என்றால் பிரைவேட் டிராக்கர்களின், அதாவது உறுப்பினர்களுக்கு மட்டுமான டோரண்ட் தளங்களின், ரேஷியோ: ஏற்றிய அளவை இறக்கிய அளவால் வகுத்தது. இங்கே கூட்டல் கழித்தல் எளிது: ஒருவர் ஏற்றும் ஒவ்வொரு ஜிபியும் இன்னொருவர் இறக்கியதுதான். ஆக, மொத்தத் தளத்தின் ரேஷியோ 1-ஐத் தாண்டவே முடியாது. சீட்பாக்ஸ்காரர்கள் (சீட் செய்யவே அதிவேக சர்வர் வாடகைக்கு எடுத்தவர்கள்) புதுக் கோப்பு வந்த சில நிமிடங்களில் அப்லோடை அள்ளிவிட, மற்றவர்கள் இரவு பகலாக சீட் செய்தும் கேட்க ஆளில்லாமல் பூஜ்யத்தில் நிற்பார்கள். ஃப்ரீலீச், அதாவது டவுன்லோடைக் கணக்கில் சேர்க்காமல் விடுவது, உண்மையில் நோட்டு அடிப்பதுதான். போதாததற்கு அப்லோட் எவ்வளவு என்று டிராக்கரிடம் சொல்வது கிளையன்ட்தான். பொய் சொல்லும் கிளையன்ட்களைப் பிடிக்கவே தனி வேலை. சீட் செய்த நேரத்துக்குப் புள்ளி தரும் தளங்களில் பழைய கோப்புகள் உயிரோடு இருக்கின்றன. இதுவரை பார்த்த ஊக்கத்தொகைகளில் இதுதான் உருப்படியானது என்பேன்.

டிரான் என்ற கிரிப்டோ நிறுவனம் 2018-இல் பிட்டோரண்ட் நிறுவனத்தை வாங்கி, 2019-இல் பிடிடி என்ற டோக்கனை, அதாவது கிரிப்டோ நாணயத்தை, கொண்டுவந்தது. அப்போது மொத்தம் 99,000 கோடி டோக்கன். சீடருக்கு டோக்கன் தந்து முன்னுரிமை வாங்கலாம் என்பது ஏற்பாடு. பலர் பகிரும் கூட்டமான டோரண்டில் இலவசமாகவே முழு வேகம் கிடைக்கும். யாரும் சீட் செய்யாத செத்த டோரண்டில் டோக்கனை வாங்கிக்கொள்ளவே ஆளில்லை. இடையில் இருக்கும் சிறு இடத்துக்காகத்தான் இத்தனை ஆர்ப்பாட்டம்!

சேமிப்புக்குக் காசு என்பது வேறு கதை. ஸ்டோர்ஜ் என்ற சேமிப்பு வலையமைப்பில் பிறர் தரவை வைத்துக்கொள்ளும் கணினிக்கு நோட் (node) என்று பெயர். அதை ஓட்ட நினைப்பவர் முதலில் பார்க்க வேண்டியது ஐபி முகவரியை. ஒரே /24 சப்நெட்டில் (ஐபி முகவரியின் முதல் மூன்று எண்கள் ஒன்றாக இருக்கும் குழு) எத்தனை நோட் வைத்தாலும் வரும் தரவு ஒரே ஒரு நோட் அளவுக்குத்தான். பங்கு பிரியும், கூடாது. முதல் 3 மாதம் வருமானத்தில் 75 சதவீதம் பிடித்து வைக்கப்படும், அடுத்த 3 மாதம் 50, அதற்கடுத்த 3 மாதம் 25. பிடித்ததில் பாதி 15 மாதம் கழித்துத் திரும்பும். மீதி முறைப்படி விலகினால்தான். ஆளை ஓடவிடாமல் வைப்பது டோக்கனைவிட இந்தப் பிடித்தம்தான். பெரிய ஆபத்து மின்வெட்டு அல்ல, டிஸ்க் கணினியோடு இணையாமல் (மவுண்ட் ஆகாமல்) நோட் கிளம்புவது. காலி ஃபோல்டரைக் காட்டினால், தரவு இருக்கிறதா என்று பார்க்கும் ஆடிட்டில் தோற்று நிரந்தரமாக வெளியேற்றப்படுவீர்கள். அதற்காகவே டிஸ்க்கில் ஒரு சரிபார்ப்புக் கோப்பு இருக்கும்; அது இல்லையென்றால் நோட் கிளம்பாது. அதைப் புதிதாக உருவாக்கி ஏமாற்றாதீர்கள்.

ஃபைல்காயின் என்ற இன்னொரு சேமிப்பு வலையமைப்பில் 32 ஜிபி செக்டர் (தரவு வைக்கும் கட்டம்) ஒவ்வொன்றும் 24 மணி நேரத்துக்கு ஒருமுறை நிரூபிக்கப்பட வேண்டும். நாள் முழுவதும் அரை மணி நேரமாக 48 கெடுக்கள். தவறினால் சேமிப்பு வழங்குநர் கட்டிய அடமானத்தில் கைவைக்கும். தரவு இருக்கிறது என்பதற்கு இதைவிடக் கறாரான காவல் கிடையாது. ஆனால் கேட்டவுடன் திருப்பித் தர வேண்டும் என்பதை இந்த நிரூபணம் அளப்பதில்லை. சீல் செய்த, அதாவது நிரூபணத்துக்காகக் குறியாக்கி வைத்த, செக்டரைப் பிரிக்க மணிக்கணக்கில் ஆகலாம். எனவே ஒப்பந்தத்துக்கு முன் வழங்குநரிடம் சீல் செய்யாத நகலும் வைப்பாரா என்று கேளுங்கள். ஒரு சோதனைக் கோப்பை ஏற்றி, சீல் முடிந்த பிறகு வேறொரு கணினியிலிருந்து இறக்கிப் பாருங்கள்.