ஒரே திராட்சை, ஒன்பது தோட்டம்: ப்ரொதுத்தோரி தெல் பார்பரெஸ்கோ ஒயின்கள்

கோப்பையில் ஊற்றியதும் நிறத்தை வைத்து எடை போட்டுவிட வேண்டாம். நெபியோலோ திராட்சையின் ஒயின் வெளிறிய மாதுளை நிறம். கோப்பைக்குப் பின்னால் விரலை வைத்தால் விரல் தெரியும். சில வருடங்களிலேயே விளிம்பில் செங்கல் நிறம் தட்டிவிடும். இலேசானது என்று நம்பி ஒரு மடக்கு குடித்தால், கொட்டைப்பாக்கை மென்றது போல ஈறும் நாக்கும் இழுத்துப் பிடிக்கும். இந்தத் துவர்ப்புக்குக் காரணம் டானின். திராட்சைத் தோலிலும் விதையிலும் இருந்து இறங்கி, எச்சிலில் உள்ள புரதத்தோடு ஒட்டிக்கொள்கிறது. அதனால்தான் வாய் வறண்டு போகிறது. வெளிறிய நிறமும் கடும் துவர்ப்பும் ஒன்றாக வரும் திராட்சை அபூர்வம். அதைப் பழகிக்கொள்ள எந்தப் பாட்டிலில் தொடங்கலாம் என்று கேட்டால், தயக்கமில்லாமல் ப்ரொதுத்தோரி தெல் பார்பரெஸ்கோ என்ற விவசாயிகள் கூட்டுறவின் பெயரைச் சொல்லலாம்.

இத்தாலியின் வடமேற்கில், பீட்மாண்ட் மாநிலத்தில், ஆல்பா நகரை ஒட்டிய மலைக்கிராமம் பார்பரெஸ்கோ. ஆல்பாவின் ஒயின் கல்லூரித் தலைவர் தொமித்சியோ கவாத்சா 1894-இல் ஒன்பது விவசாயிகளைச் சேர்த்து இங்கே ஒரு கூட்டுறவைத் தொடங்கினார். பாசிச ஆட்சியில் அது மூடப்பட்டது. 1958-இல் ஊர்ப் பாதிரியார் தோன் ஃபியொரீனோ மரெங்கோ 19 சிறு விவசாயிகளைக் கூட்டி மறுபடி தொடங்கினார். முதல் மூன்று வருட ஒயினும் தேவாலயத்தின் நிலவறையில்தான் உருவானது. இன்று சுமார் ஐம்பது குடும்பங்கள் உறுப்பினர்கள். கூட்டுறவு என்றால் மட்டரகம் என்ற எண்ணம் ஒயின் உலகில் பரவலாக உண்டு. அந்த எண்ணத்தை இந்த ஒரு நிறுவனமே உடைத்துப் போடுகிறது.

இவர்களிடம் மூன்று படிகள் உண்டு. கீழ்ப்படி லாங்கே நெபியோலோ. சட்டப்படி இந்த வகையில் 85 விழுக்காடு நெபியோலோ இருந்தால் போதும். இளம் ஒயின், செர்ரிப் பழமும் ரோஜாவும் முன்னால் நிற்கும், துவர்ப்பு அடங்கியிருக்கும். வாங்கிய வருடமே குடித்துவிடலாம். விலை பார்பரெஸ்கோவின் பாதியை ஒட்டி வரும். அன்றாடச் சாப்பாட்டுக்கு இதற்கு மேல் தேவையில்லை.

நடுப்படிதான் பெயருக்குரிய பார்பரெஸ்கோ. முழுக்க முழுக்க நெபியோலோ. அறுவடை வருடத்தின் நவம்பர் 1-இலிருந்து 26 மாதம் முதிர வேண்டும், அதில் 9 மாதமாவது மரத்தில் இருக்க வேண்டும் என்பது விதி. பக்கத்து ஊரின் நெபியோலோ ஒயினான பரோலோவுக்கு இது 38 மாதம், மரத்தில் 18. இவர்கள் விதிக்கு மேலேயே வைத்திருக்கிறார்கள்; அதுவும் சின்னப் பீப்பாயில் அல்ல, பெரிய ஓக் தொட்டிகளில். சின்னப் பீப்பாய் என்றால் வெனிலா, வறுத்த காப்பி வாசனை ஒயினில் ஏறிவிடும். இங்கே அது இல்லை. உலர்ந்த ரோஜா இதழ், ஆரஞ்சுத் தோல், அதிமதுரம், மழை பெய்த தார்ச்சாலை, இவைதான் மூக்குக்கு வருகின்றன. கொடுத்த காசுக்கு இந்தப் பகுதியில் இதைவிட நேர்மையான பாட்டில் கிடைப்பது கடினம்.

மேல்படி ரிசெர்வா. 50 மாத முதிர்ச்சிக்குப் பிறகே வெளியே வரும். விலை நடுப்படியைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. நல்ல வருடங்களில் ஒன்பது தோட்டங்களின் ஒயினைத் தனித்தனியாகப் புட்டியில் அடைக்கிறார்கள்: அசிலி, ரபயா, பொரா, மொந்தெஸ்தெஃபனோ, மொந்தெஃபீகோ, ஒவெல்லோ, பாயே, முன்காகோதா, ரியோ சோர்தோ. திராட்சை ஒன்று, கைகளும் அதே கைகள், தொட்டியும் அதே மாதிரி. ஆகவே இரண்டு கோப்பைகளுக்கு நடுவே தெரியும் வித்தியாசம் பெரும்பாலும் மண்ணும் வெயிலும் தருவது. இப்படிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் வாய்ப்பைத் தரும் நிறுவனங்கள் மிகக் குறைவு.

இரண்டு மட்டும் வாங்க முடியும் என்றால் அசிலியையும் மொந்தெஸ்தெஃபனோவையும் எடுங்கள். அசிலி மென்மை, வாசனை முன்னால் வந்து துவர்ப்பு பட்டு நூல் போல நீளும். மொந்தெஸ்தெஃபனோ முறுக்கானது, கண்ணை மூடிக்கொண்டு குடித்தால் பரோலோ என்றே சொல்லத் தோன்றும். பத்து வருடம் ஆவதற்குள் திறப்பது வீண். காத்திருக்கப் பொறுமை இல்லாதவர்களுக்குப் பொரா. ஒன்பதிலும் சீக்கிரம் இளகுவது அதுதான். ரபயா எல்லாம் சேர்ந்து அமைந்தது.

ஒரு சூட்சுமம். சுமாரான வருடங்களில் ரிசெர்வா வராது. ஒன்பது தோட்டத்துப் பழமும் நடுப்படிப் பாட்டிலுக்குள் போய்விடும். எனவே ரிசெர்வா இல்லாத வருடம் என்றால் சாதாரண பார்பரெஸ்கோவை ஒதுக்க வேண்டாம். வருடங்களைப் பொறுத்தவரை 2016 சேமித்து வைக்க ஏற்றது. 2017 வெயிலும் வறட்சியும் கடுமையாக இருந்த வருடம், பழம் கனிந்து சீக்கிரம் குடிக்கத் தயாராகும். 2018 மழை வருடம். மெலிந்த உடம்பு, ஆனால் சாப்பாட்டோடு இதமாகப் போகும்.

இந்த ஒயின் பிடிக்கவில்லை என்று சொல்பவர்களில் பலருக்குக் கெட்டுப்போனது ஒயின் அல்ல, பரிமாறிய விதம். அறை வெப்பத்தில் குடிக்கலாம் என்ற பழைய வழக்கு ஐரோப்பாவின் குளிர்ந்த வீடுகளுக்கு உரியது. சரியான சூடு 16 முதல் 18 டிகிரி. 30 டிகிரியில் ஊற்றினால் 14 விழுக்காட்டை ஒட்டிய ஆல்கஹால் மூக்கில் ஏறும், ரோஜாவும் செர்ரியும் அதில் அமுங்கிவிடும். ஃபிரிட்ஜில் சுமார் ஒன்றரை மணி நேரம், அல்லது ஐஸும் தண்ணீரும் கலந்த வாளியில் பத்துப் பன்னிரண்டு நிமிடம் போதும். வெறும் ஐஸ் மட்டும் போட்டால் பாட்டிலைச் சுற்றிக் காற்று நிற்கும், குளிர மெதுவாகும். மாறாக ஃபிரிட்ஜிலேயே மறந்துவிட்டால் துவர்ப்பு இரட்டிப்பாகத் தெரியும்.

இளம் பார்பரெஸ்கோவைக் குடிப்பதற்கு ஒன்றரை மணி நேரம் முன்பே டிகாண்டர் என்ற அகன்ற கண்ணாடிக் குடுவையில் ஊற்றி வையுங்கள். தக்கையை மட்டும் கழற்றி வைப்பதால் பயனில்லை. பாட்டில் கழுத்தின் அந்தச் சின்ன வட்டத்துக்குள் காற்று எவ்வளவு போகும்? பதினைந்து வருடம் தாண்டிய பாட்டிலுக்கு வேறு முறை. முந்தின நாளே நிமிர்த்தி வைத்து மண்டி அடியில் தங்கவிட்டு, கடைசி ஒரு விரற்கடையைப் பாட்டிலிலேயே விட்டுவிடுங்கள். மூக்கில் நனைந்த அட்டைப்பெட்டி வாசனை வந்தால் அது தக்கைக் கோளாறு. காற்றுப் பட்டால் சரியாகாது, கடைக்காரரிடம் மாற்றிக் கேளுங்கள்.

சாப்பாட்டில் கொழுப்பும் புரதமும் இருந்தால் டானின் அவற்றோடு ஒட்டிக்கொள்ளும், வாய்க்கு விடுதலை கிடைக்கும். மஞ்சள் கருவில் பிசைந்த தயாரின் என்ற நூல் பாஸ்தாவை வெண்ணெயில் புரட்டி, அக்டோபர், நவம்பரில் ஆல்பாவின் வெள்ளை டிரஃபிள் என்ற மண்ணுக்கடியில் விளையும் பூஞ்சையைச் சீவிப் போட்டுச் சாப்பிடுவது அந்த ஊர் வழக்கம். ஒயினில் நெடுநேரம் வெந்த மாட்டிறைச்சியும் கஸ்தெல்மாஞோ பாலாடைக்கட்டியும் இதற்குச் சொந்தக்காரர்கள். மிளகாய் மட்டும் ஆகாது. ஆல்கஹாலோடும் துவர்ப்போடும் சேர்ந்து மிளகாயின் எரிச்சல் கூடிவிடும். காரக்குழம்புக்கு இதைத் திறந்தால் இரண்டும் கெடும். மிளகாயைக் குறைத்து நெய்யில் வதக்கிய ஆட்டுக்கறி என்றால் சேர்ந்து போகும்.

பாதி மிஞ்சினால் தக்கையை அழுத்தி மூடி ஃபிரிட்ஜில் வையுங்கள். லாங்கே இரண்டாம் நாளில் கொஞ்சம் தளர்ந்துவிடும். இளம் பார்பரெஸ்கோ பெரும்பாலும் அன்றுதான் நன்றாக இருக்கும்.