தங்கத்தை மட்டும் காட்டும் கருவி என்று யாராவது சொன்னால்

திருச்சியில் ஒரு கடையில் மெட்டல் டிடெக்டர் வாங்கி நான் 17,700 ரூபாயும், என் மைத்துனர் 20,000 ரூபாயும் தொலைத்தோம். தொலைந்த சங்கிலியைத் தேடப் போய்த் தொலைத்த பணம் இது. கடையின் பெயரை எழுதப் போவதில்லை. புகார் நுகர்வோர் ஆணையத்தில் இருக்கிறது. பெயர்ப் பலகையும் இதற்குள் ஒருமுறை மாறிவிட்டது. பேச்சு மட்டும் மாறவில்லை என்று அண்மையில் போய்வந்த ஒருவர் சொன்னார். ஆகவே அந்தப் பேச்சை எழுதிவைக்கிறேன். எங்காவது கேட்டால் அடையாளம் தெரியும்.

நீடாமங்கலத்துக்குத் தெற்கே எங்களுக்கு ஒன்பது மா, அதாவது ஏறக்குறைய மூன்று ஏக்கர், நிலம் இருக்கிறது. வெண்ணாற்றுப் பாசனம். சம்பாவுக்கு நாற்றுப் பறித்த அன்று என் தங்கையின் ஒன்றரைப் பவுன் சங்கிலி, மாங்காய் டாலரோடு, அறுந்து சேற்றில் விழுந்துவிட்டது. இரண்டு நாள் கையால் துழாவினோம். நாற்றங்கால் 24 சென்ட். அதைச் சும்மா போட்டுவைக்க முடியாது. சேறடித்து அதிலும் நட்டோம். தையில் அறுவடை முடிந்து நிலம் காய்ந்த பிறகு தேடிக்கொள்ளலாம் என்று தங்கையைச் சமாதானப்படுத்தினேன். தங்கம் எவ்வளவு கனமாக இருந்தாலும் சேறடித்த மண்ணில் அடியில் இறுகிக் கிடக்கும் கெட்டி மண் வரைதான் இறங்கும், அது ஒரு சாண் ஆழத்தைத் தாண்டாது என்பது என் கணக்கு. அந்தக் கணக்கு தப்பவில்லை. மற்ற எல்லாம் தப்பின.

கடைக்காரர் நன்றாகப் பேசினார். ஜெர்மன் தொழில்நுட்பம் என்றார். “ஐயா, இந்தக் குமிழை இதுவரைக்கும் திருப்பிவையுங்கள். தங்கத்துக்கு மட்டும்தான் கத்தும். ஆணி, தகரம், மாத்திரை அட்டை எதற்கும் வாய் திறக்காது” என்று குமிழை முக்கால் பங்கு திருப்பி, அந்த இடத்தில் பேனாவால் ஒரு கோடும் போட்டுக் கொடுத்தார். பிறகு ஒரு பித்தளைச் செம்பை எடுத்து, தண்டின் நுனியில் இருக்கும் கம்பிச் சுருள் வட்டான காயிலுக்கு மேலே ஒன்றரை அடி உயரத்தில் ஆட்டினார். கருவி அலறியது. நான் 14,500 ரூபாயை எடுத்து வைத்தேன்.

அந்தப் பேனாக் கோடுதான் என்னை ஏமாற்றியது. எப்படி என்று எனக்கு விளங்கவைத்தவர், தொலைபேசித் துறையில் கேபிள் பழுது பார்த்து ஓய்வு பெற்ற நண்பர். காயிலில் இருந்து நொடிக்குப் பல்லாயிரம் முறை திசை மாறும் காந்தப்புலம் மண்ணுக்குள் போகிறது. அங்கே உலோகம் இருந்தால் அதற்குள் சுழல் மின்னோட்டம் உண்டாகிறது. அந்த மின்னோட்டம் தன் பங்குக்கு ஒரு சிறு காந்தப்புலத்தைத் திருப்பி அனுப்புகிறது. திரும்பி வருவது எவ்வளவு பின்தங்கி வருகிறது என்பதைக் கருவி அளக்கிறது. அவ்வளவுதான் அதற்குத் தெரியும். உலோகத்தின் பெயர் அதற்குத் தெரியாது. மெல்லிய தங்க நகையும் மாத்திரை அட்டையின் அலுமினியத் தாளும் ஏறக்குறைய ஒரே எண்ணைத்தான் தரும். குமிழ் செய்யும் வேலை தங்கத்தைத் தேர்ந்தெடுப்பது அன்று. கீழிருந்து ஒவ்வொன்றாக வாயடைப்பது. முதலில் இரும்பு அடங்கும், அடுத்து அலுமினியத் தாள் அடங்கும், அதோடு சேர்ந்து சின்னத் தங்கமும் அடங்கிவிடும். அதாவது, எதைத் தேடினேனோ அதைப் பார்த்து வாய் திறக்காதே என்று கருவிக்குக் கட்டளையிட்டுவிட்டு மாசி மாதம் முழுவதும் வெயிலில் நடந்திருக்கிறேன்.

இன்னொன்றும் அவர் சொன்னார். இதைத் தங்கச் சங்கிலி தேடுகிற எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டும். மோதிரம் முழு வளையம், மின்னோட்டம் தடையில்லாமல் சுற்றும். சங்கிலியோ நூற்றுக்கணக்கான குட்டி வளையங்கள். ஒவ்வொன்றிலும் தனித்தனியாகத்தான் மின்னோட்டம் சுற்றுகிறது. அதனால் ஒன்றரைப் பவுன் சங்கிலி அரைப் பவுன் மோதிரத்தைவிட மெலிதாகத்தான் கேட்கும். கொக்கியும் டாலரும்தான் குரல் கொடுக்கும். சின்னத் தங்கத்துக்கு அதிர்வெண் கூடுதலாக உள்ள கருவியும் சிறிய காயிலும் நல்லது. எனக்கு விற்றதோ அதிர்வெண் குறைந்த ஏழு கிலோஹெர்ட்ஸ் கருவி, பெரிய காயில். என்ன தேடப் போகிறேன் என்று கடையில் தெளிவாகச் சொல்லியிருந்தேன்.

இதெல்லாம் தெரிவதற்கு முன்பே இரண்டாவது ஏமாற்று நடந்துவிட்டது. பத்து நாளில் கருவி ஓயாமல் கத்தத் தொடங்கியது. காற்றில் தூக்கிப் பிடித்தாலும் கத்தல், வீசினால் இன்னும் கத்தல். கடைக்குக் கொண்டுபோனேன். உள்ளே போர்டு போய்விட்டது, உத்தரவாதத்தில் வராது என்று 3,200 ரூபாய் வாங்கிக்கொண்டு ஒரு வாரம் கழித்துக் கொடுத்தார்கள். சத்தம் நின்றிருந்தது. காயில் புதிதுபோல் பளபளவென்று இருந்தது. துடைத்துக் கொடுத்திருக்கிறார்கள் என்று மகிழ்ந்தேன். என் காயிலின் ஓரத்தில் வாய்க்கால் மதகுக் கல்லில் இடித்த கீறல் ஒன்று உண்டு. வீட்டுக்கு வந்து பார்த்தால் கீறலைக் காணவில்லை. கீறலைத் துடைத்து எடுக்க முடியுமா? முன்பு ஒரு சாண் ஆழத்தில் காட்டிய காசு இப்போது நாலு விரற்கடைக்குக் கீழே போனால் தெரியவில்லை. வேறு ஏதோ ஒரு மாதிரியின் காயிலை மாட்டி அனுப்பியிருக்கிறார்கள். ஒரு கருவியின் காயில் இன்னொன்றுக்குப் பொருந்தினாலும் சரியாக வேலை செய்யாது. அதிர்வெண் ஒத்துப்போக வேண்டும்.

சரி, முதலில் ஏன் கத்தியது? நண்பர் பார்த்த உடனே கேட்டார்: “கேபிளைத் தண்டில் சுற்றிக் கட்டியிருந்தீர்களா?” கட்டவில்லை, தொங்கிக்கொண்டிருந்தது. வீசும்போது கேபிள் ஆடினால் அதையே உலோகம் என்று கருவி எண்ணிக்கொள்ளும். அதோடு நான் தேடிய மூலையில் மும்முனை மின்கம்பி தலைக்கு மேலே போகிறது. பக்கத்துக் கொல்லையில் மோட்டார் ஓடும் நேரம் வேறு. செல்பேசி மடியில். காயிலின் மூடிக்குள் ஈரச் சேறு புகுந்து காய்ந்திருந்தது. பேட்டரியும் பாதி தீர்ந்தது. இத்தனைக்கும் நடுவே உணர்திறனை உச்சத்தில் வைத்திருந்தேன். அது குறைவாக இருந்தால் தங்கம் தப்பிவிடும் என்று பயம். உண்மையில் இரைச்சல் அடங்கும்வரை குறைத்தால்தான் மெலிந்த சத்தம் காதில் விழும். கருவி கத்தினால் கடைக்கு ஓடுவதற்கு முன்பு செல்பேசியை அணைத்துவிட்டு, கம்பிகளை விட்டு நூறு அடி தள்ளிப் போய், கேபிளை இறுக்கி, மூடியைக் கழற்றிக் கழுவி, புதுப் பேட்டரி போட்டுப் பாருங்கள். என் 3,200 ரூபாய் ஒரு முழம் சணலுக்குக் கொடுத்த விலை என்று நினைக்கிறேன்.

நம் பக்கத்து மண்ணைப் பற்றியும் ஒரு சொல். வண்டல் பொதுவாகத் தொல்லை தராது. ஆனால் சுட்ட செங்கல் காந்தத் தன்மை பெற்றது. பழைய சூளை இருந்த இடத்திலும் சாம்பல் கொட்டிய இடத்திலும் வெறும் மண்ணே சிக்னல் கொடுக்கும். வேதாரண்யம் பக்கத்து ஈர உப்பு மண்ணும் அப்படித்தான், அது உப்பு நீர் மின்சாரத்தைக் கடத்துவதால். தேடத் தொடங்குமுன் உலோகம் இல்லாத இடத்தில் காயிலை மேலும் கீழும் ஏற்றி இறக்கி, மண்ணுக்கேற்பக் கருவியைச் சமன்செய்துகொள்ள வேண்டும்.

இனி மைத்துனர் கதை. காயிலைப் பற்றிச் சண்டை போட நானும் அவருமாகப் போனோம். கடைக்காரர் கோபப்படவே இல்லை. “ஐயா, அது சின்னக் கருவி. உங்கள் ஊருக்கு ஏற்றது வேறு” என்று ஒரு தோல் பெட்டியைத் திறந்தார். கைப்பிடி ஒன்று, அதில் சுழலும் பித்தளைக் கம்பிகள் இரண்டு, விளக்கு எரியும் டப்பா ஒன்று. நூறு மீட்டர் தொலைவிலிருந்தே தங்கம், ஐம்பொன் இருக்கும் திசைக்குக் கம்பி திரும்புமாம். விலை 85,000 ரூபாய். “சீர்காழியில் கிடைத்தது தெரியாதா? டெல்டாவில் எந்தக் கொல்லையில் என்ன இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்?” என்றார். இந்த இடத்தில்தான் மைத்துனர் விழுந்தார். 2023இல் சீர்காழி சட்டைநாதர் கோயிலில் 20க்கும் மேற்பட்ட ஐம்பொன் திருமேனிகளும் 400க்கும் மேற்பட்ட தேவாரச் செப்பேடுகளும் கிடைத்தது உண்மை. ஆனால் அவை யாகசாலைக்காக மண் தோண்டியபோது கிடைத்தவை. 1976இல் பத்தூரில் நடராஜர் கிடைத்ததும் கூலித் தொழிலாளி ஒருவர் மண் வெட்டியபோதுதான். லண்டன் வரை போன அந்தத் திருமேனி வழக்கு நடந்து 1991இல் திரும்பி வந்தது. இரண்டும் மண் தோண்டியபோது தற்செயலாகக் கிடைத்தவை.

கிடைப்பதெல்லாம் உங்களுக்கே என்றும் சொன்னார். 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி, மண்ணில் மறைந்து கிடந்து கிடைக்கும் பொருள் பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ளதென்றால் ஆட்சியருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். பத்து ரூபாய்! பாதுகாக்கப்பட்ட நினைவுச் சின்னங்களில் தோண்டுவது தனிக் குற்றம். தங்கையின் சங்கிலியைத் தேடப் போய்ச் சிறைக்குப் போகும் வழியை விலைக்கு விற்கிறார்கள்.

நான் தயங்கி நிற்கும்போதே மைத்துனர் 20,000 ரூபாயை முன்பணமாக ரொக்கமாகக் கொடுத்துவிட்டார். ரசீது கேட்க அவருக்குக் கூச்சம். மறுவாரம் கடைக்காரர் பெட்டியோடு ஊருக்கே வந்தார். நண்பர் சொல்லிக்கொடுத்தபடி களத்தில் பத்துக் கொட்டாங்கச்சிகளைக் கவிழ்த்து, ஒன்றின் கீழே என் மோதிரத்தை வைத்தேன். வைத்த நான் மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். என் முகத்தைப் பார்த்து அவர் இடத்தைக் கண்டுபிடிக்கக் கூடாது அல்லவா? கம்பி மூன்றாவது கொட்டாங்கச்சிக்குத் திரும்பியது. மோதிரம் எட்டாவதில் இருந்தது. மறுபடி வைத்தோம், மறுபடி தவறு. மூன்றாம் முறை அவர் ஒப்புக்கொள்ளவில்லை. முப்பது ஆண்டுகளாவது மண்ணில் கிடந்த தங்கம்தான் அலை வீசும், புது நகை வீசாது என்றார். தங்கையின் சங்கிலி விழுந்து ஆறு மாதம்தானே ஆகிறது என்று கேட்டதற்குப் பதில் இல்லை. உள்ளங்கை சற்றே சாய்ந்தால் அந்தக் கம்பி தானாகத் திரும்பும். டப்பாவில் எரியும் விளக்குக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. இதே வகைக் கம்பியை வெடிகுண்டு கண்டுபிடிக்கும் கருவி என்று ஈராக்குக்கு விற்ற ஆங்கிலேயர் ஒருவருக்கு 2013இல் லண்டனில் பத்தாண்டுச் சிறை கொடுத்தார்கள். அரிசியை இழுக்கும் ரைஸ் புல்லிங் செம்பு, இரிடியம் கலசம் என்று சொல்லி நம் ஊர்களில் ஏமாற்றிச் சுற்றுவோரின் பங்காளிகள்தான் இவர்களும்.

சங்கிலி கிடைத்தது. நண்பரின் மகன் சிங்கப்பூரிலிருந்து வாங்கிவந்த கருவி, சின்னக் காயில், குமிழ் பூஜ்யத்தில். கயிறு கட்டி இரண்டடிப் பாத்தியாகப் பிரித்து, காயில் மண்ணை உரசும்படி மெதுவாக வீசிப் போனோம். மூன்று நாள் தேடலில் மாத்திரை அட்டைகள், பாக்குப் பொட்டலங்கள், ரொட்டவேட்டரின் உடைந்த கத்தி இரண்டு. கத்தி கிடைத்ததே லாபம், அறுவடை இயந்திரம் பிழைத்தது. நான்காம் நாள் முக்கால் சாண் ஆழத்தில் டாலர் கேட்டது. தோண்டினால் அதன் பின்னால் சங்கிலி சேற்றுக் கட்டிக்குள் சுருண்டு கிடந்தது. சங்கிலியின் சத்தம் கடைசிவரை எனக்குக் கேட்கவில்லை.

வாங்கத்தான் போகிறீர்கள் என்றால் கடைக்கு உங்கள் வீட்டுக் கம்மல் ஒன்று, ஆணி ஒன்று, மாத்திரை அட்டை ஒன்று கொண்டுபோங்கள். மூன்றையும் நீங்களே காயிலுக்கு முன்னால் ஆட்டிப் பாருங்கள். கடைக்காரரின் செம்பு வேண்டாம். பெரிய பாத்திரம் எந்தக் கருவியையும் அலறவைக்கும். ஒரு ரூபாய்க் காசும் உதவாது, அது காந்தத்தில் ஒட்டும் எஃகு. பழுதுக்குக் கொடுப்பதென்றால் காயிலிலும் பெட்டியிலும் உள்ள எண்களைப் படம் எடுத்துவைத்துக்கொள்ளுங்கள்.

புகாரை நம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே கொடுக்கலாம். 2019ஆம் ஆண்டுச் சட்டம் வாங்கியவர் வசிக்கும் ஊரிலேயே வழக்குத் தொடுக்க இடம் தருகிறது. பொருளுக்குக் கொடுத்த விலை ஐந்து லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை. இரண்டு ஆண்டுக்குள் கொடுக்க வேண்டும். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முதலில் விசாரிக்கலாம். என்னிடம் செல்பேசியில் பணம் அனுப்பிய பதிவும், பழுதுக் கூலிக்கு அவர்கள் கிழித்துக் கொடுத்த துண்டுச் சீட்டும் இருக்கின்றன. மைத்துனரிடம் ஒன்றும் இல்லை. என் மனுவில் அவரையும் சேர்த்துக்கொள்ளலாமா என்று கேட்கப் போனேன். வேண்டாம் என்றுவிட்டார். அன்று களத்தில் வெயில் அதிகமாம். ஐப்பசி மழை பெய்து மண் ஆறியிருந்தால் கம்பி சரியாகத்தான் காட்டியிருக்குமாம்.