சாட்ஸ்வொர்த்தில் 'தண்ணீர்ப் பரிசோதனை' என்று யாராவது கதவைத் தட்டினால்

ஏமாந்தது நான்தான். அதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் எங்கள் தெருவிலேயே இன்னும் இரண்டு வீடுகளில், எனக்கு விற்ற அதே தண்ணீர் இயந்திரம் மாட்டியிருப்பது தெரிந்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை.

நாங்கள் இருப்பது தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வொர்த்தின் ஒரு பகுதியான குரோஃப்டீனில். தண்ணீர் நிற்பதும் வருவதும் இங்கே யாருக்கும் புதிதல்ல. 2022 ஏப்ரல் வெள்ளத்துக்குப் பிறகு டர்பனுக்கு வடக்கே டோங்காட்டில் மாதக்கணக்கில் குழாய் காய்ந்து கிடந்ததைப் பார்த்ததிலிருந்து டர்பன்காரர்கள் எல்லாருக்கும் தண்ணீர் என்றால் ஒரு பயம். இது நடந்த வாரமும் தண்ணீர் இரண்டு நாள் நின்றுபோய், மூன்றாம் நாள் காலை செம்மண் நிறத்தில் வந்தது. அந்த வாரம் வியாழக்கிழமை சாயங்காலமே இரண்டு பேர் வந்து நின்றார்கள். நீலச் சட்டை, கழுத்தில் அட்டை. "இந்தப் பகுதித் தண்ணீரைச் சோதிக்கிறோம், இலவசம்" என்றார்கள். நகராட்சி ஆட்கள் என்று நானாக நினைத்துக்கொண்டேன். அவர்கள் ஆமென்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை.

இருவரில் சின்னவன் நம் தமிழ்ப் பையன். என்னை ஆண்ட்டி என்றான், அம்மாவிடம் போய், "ஆயா, இந்தத் தண்ணியையா குடிக்கிறீங்க?" என்று தமிழில் கேட்டான். அவ்வளவுதான், அம்மா அவனுக்கு டீ போடப் போய்விட்டார்.

முதலில் பேனா மாதிரி ஒரு மீட்டரைக் குழாய்த் தண்ணீரில் முக்கினான். 112 என்று காட்டியது. அவர்கள் கொண்டுவந்த பாட்டில் தண்ணீரில் 4. "112 அழுக்கு, ஆண்ட்டி" என்றான். அப்புறம் இரண்டு கண்ணாடி டம்ளர். ஒன்றில் நம் தண்ணீர், ஒன்றில் அவர்களுடையது. உலோகக் கம்பிகள் தொங்கும் ஒரு சின்னப் பெட்டியை இரண்டிலும் இறக்கி, கரண்ட் கொடுத்தான். ஒரு நிமிடத்துக்குள் நம் டம்ளர் பச்சையும் பழுப்புமாகக் கலங்கி, மேலே நுரை தள்ளியது. அவர்கள் டம்ளர் பளிங்கு மாதிரி அப்படியே இருந்தது. அம்மா முகத்தைப் பார்த்தேன். கையெழுத்துப் போட்டுவிட்டேன். முன்பணம் 2,500 ராண்ட், மாதம் 640 வீதம் 24 மாதம். கூட்டிப் பார்த்தால் 17,860. அன்று நான் கூட்டிப் பார்க்கவில்லை.

செவ்வாய்க்கிழமை வந்து மாட்டினார்கள். சமையலறைத் தொட்டிக்குக் கீழே ஒரு உருளை, பக்கத்தில் உப்புப் போடும் தொட்டி. தண்ணீரின் கடினத்தன்மையை, அதாவது அதில் கரைந்திருக்கும் கால்சியம், மெக்னீசியத்தை எடுக்கும் சாஃப்ட்னர். அன்பளிப்பாக அந்தப் பேனா மீட்டரையும் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

அதுதான் அவர்கள் செய்த தவறு. இரண்டாம் நாள் இயந்திரத்துத் தண்ணீரில் மீட்டரை முக்கினேன். 115! போன் செய்தால், "இன்னும் செட் ஆகவில்லை, ஒரு வாரம் பொறுங்கள்" என்கிறார்கள். திருப்பி எடுத்துக்கொள்ளச் சொன்னேன். "பெட்டி திறந்தாகிவிட்டது, முடியாது" என்றார்கள். நானும் நம்பினேன்.

அந்த ஞாயிறு அக்கா மகன் வந்திருந்தான், பல்கலைக்கழகத்தில் ரசாயனம் படிக்கிறவன். விஷயத்தைக் கேட்டுச் சிரித்தான். "சின்னம்மா, அந்த மீட்டர் அழுக்கை அளக்காது. கரைந்திருக்கும் உப்புகளால் தண்ணீரில் கரண்ட் எவ்வளவு பாய்கிறது என்று பார்த்து எண் காட்டும். சாஃப்ட்னர் கால்சியம், மெக்னீசியத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் சோடியத்தை விடுகிறது. உப்பு மாறுமே தவிர எண் எப்படி இறங்கும்?" என்றான். நம் நாட்டுக் குடிநீர்த் தரமான சான்ஸ் 241, கரைந்த உப்பு லிட்டருக்கு 1,200 மில்லிகிராம் வரை அனுமதிக்கிறது என்பதையும் அவன்தான் சொன்னான். மீட்டர் காட்டியதும் அதே மில்லிகிராம் கணக்குதான். நான் வெறும் 112க்குப் பயந்திருக்கிறேன்.

டம்ளர் வித்தையையும் செய்து காட்டினான். இரண்டு இரும்பு ஆணி, ஒரு 9 வோல்ட் பேட்டரி, கடையில் வாங்கிய சுத்திகரித்த தண்ணீர். (சுவர் பிளக்கில் யாரும் இதைச் செய்து பார்க்க வேண்டாம்.) சுத்திகரித்த தண்ணீர் தெளிவாகவே இருந்தது. அதில் ஒரு சிட்டிகை சமையல் உப்பைப் போட்டான். சிறிது நேரத்தில் அதே பழுப்பு, அதே நுரை. தண்ணீரில் உப்பு இருந்தால் கரண்ட் பாயும், பாய்ந்தால் ஆணி அரித்துத் துரு கலக்கும். நான் பார்த்துப் பயந்தது அவர்களுடைய கம்பியின் துருவை.

மீன் தொட்டிக் கடையில் கடினத்தன்மை பார்க்கும் சொட்டு மருந்து கிடைக்கும். அதையும் வாங்கிவந்து குழாய்த் தண்ணீரில் விட்டோம். மூன்றாவது சொட்டில் நிறம் மாறியது. சொட்டுக்கு 17.8 என்று கணக்கு. அதாவது லிட்டருக்குச் சுமார் 53 மில்லிகிராம். 60க்குக் கீழே இருந்தால் அது மென்னீர். எனக்கே தோன்றியிருக்க வேண்டும். மிட்மார், ஆல்பர்ட் ஃபால்ஸ், இனாண்டா என்று உம்கேனி ஆற்று அணைகளின் தண்ணீர்தான் எங்களுக்கு வருவது. இத்தனை வருடத்தில் கெட்டிலில் ஒரு நாளாவது வெள்ளையாகப் படிந்து பார்த்திருக்கிறேனா? சோப்பு எப்போது நுரைக்காமல் இருந்திருக்கிறது? இப்போதுதான், இந்த இயந்திரம் வந்த பிறகு, எவ்வளவு கழுவினாலும் கை வழவழவென்று இருக்கிறது. போர்வெல் போட்டவர்கள் நிலைமை வேறு, அவர்களுக்குச் சாஃப்ட்னர் தேவைப்படலாம்.

சோடியம் கூடுவது பெரிய அளவில்லை, எங்கள் கணக்கில் லிட்டருக்கு 24 மில்லிகிராம் வரும். இருந்தாலும் ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடும் அம்மாவுக்கு நான் காசு கொடுத்து அதைச் சேர்த்திருக்கிறேன். செம்மண் கலங்கலுக்கோ இந்தச் சாஃப்ட்னர் மருந்தே இல்லை. அதற்குக் குழாயைத் திறந்துவிட்டுத் தெளியவிட வேண்டும். சந்தேகமாக இருந்தால் கொதிக்கவைக்கலாம், அல்லது 25 லிட்டருக்கு ஒரு டீஸ்பூன் சாதாரண ஜிக் ப்ளீச் கலந்து இரண்டு மணி நேரம் வைக்கலாம்.

பணம் விஷயத்துக்கு வருகிறேன். வீடு தேடி வந்து விற்ற பொருளை, 2008ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 16ஆம் பிரிவின்படி, கைக்கு வந்த நாளிலிருந்து ஐந்து வேலை நாளுக்குள் காரணமே சொல்லாமல் வேண்டாம் என்று சொல்லலாம். ஆனால் எழுத்திலோ பதிவாகும் வேறு வழியிலோ சொல்ல வேண்டும். நான் இரண்டாம் நாளே சொன்னேன், போனில்! ஒரு மின்னஞ்சல் அனுப்பி இயந்திரத்தையும் திருப்பிக் கொடுத்திருந்தால், அது அவர்கள் கைக்குப் போன 15 வேலை நாளுக்குள் பணம் திரும்பியிருக்க வேண்டும். இந்த உரிமையை விற்பவரே நமக்குச் சொல்லியாக வேண்டும் என்று 32ஆம் பிரிவு சொல்கிறது. என் ஒப்பந்தத் தாளில் அப்படி ஒரு வரி இல்லை. அதை வைத்துத்தான் தேசிய நுகர்வோர் ஆணையத்துக்குப் புகார் எழுதியிருக்கிறேன். வங்கியில் மாதப் பிடித்தத்தையும் நிறுத்தச் சொல்லியாகிவிட்டது. கம்பெனியிலிருந்து மிரட்டல் கடிதம் இரண்டு வந்திருக்கிறது. முன்பணம் வரவில்லை.

இயந்திரத்தைக் கழற்ற பிளம்பருக்கு 850 ராண்ட். இப்போது கராஜில், காவடிச் சாமான்களுக்குப் பக்கத்தில் கிடக்கிறது. அந்தப் பையனுக்கு டீ போட்டுக் கொடுத்ததைத்தான் அம்மா இன்னும் சொல்லிச் சொல்லித் திட்டுகிறார். போன சனிக்கிழமை சாட்ஸ்வொர்த்தின் ஆரீனா பார்க் பகுதியில் அதே நீலச் சட்டைகளைப் பார்த்தேன், கையில் அதே டம்ளர் பை.