மட்டக்களப்பு கல்லடிக் கடற்கரையில் எதைப் போடலாம்: பாட்ஷாவா, நாயகனா?

வெளியரங்கில் பெருங்கூட்டத்துக்குப் படம் காட்டுவதென்றால் பாட்ஷாதான் (1995). மாணிக்கம் கம்பத்தில் கட்டுண்டு அடி வாங்கும்போதும் திருப்பி அடிப்பதில்லை. தங்கைமேல் கை வைக்கும்போதுதான் வெடிக்கிறான். பழைய கதையை அதுவரை மறைத்து வைத்த அந்தப் பொறுமைதான் முப்பது வருஷத்துக்குப் பிறகும் விசில் வாங்குகிறது. எதிரே ரகுவரன் குரலை உயர்த்தாமலே மிரட்டுகிறார். வில்லன் இளைத்திருந்தால் ஹீரோவும் இளைத்திருப்பான். படம் பளிச்சென்று இருப்பதால், 3000 லூமன் வெளிச்சம் தரும் புரொஜெக்டரில் பத்தடித் திரைக்குத் தாங்கும்.

நாயகன் (1987) வேறு சாதி. பி.சி. ஸ்ரீராமின் ஒளிப்பதிவில் பாதி முகம் இருட்டிலேயே கிடக்கும். பக்கத்துத் தெருவிளக்கு எரிந்தால் அந்தப் பாதியும் போய்விடும், மிஞ்சுவது சாம்பல் நிறம். கமலின் முணுமுணுப்பை அலைச்சத்தம் விழுங்கும். தோட்டா தரணி சென்னையில் போட்ட தாராவி செட் இன்றும் செட்டாகத் தெரியாது. ஆனால் அதை ரசிக்க மூடிய மண்டபம் வேண்டும்.

எதுவானாலும் ஏழு மணிக்கு முன் தொடங்க வேண்டாம். திரைத்துணியின் கீழ் விளிம்பில் ஒரு குழாயைக் கோத்துக் கட்டுங்கள். இல்லாவிட்டால் கடற்காற்றில் துணி கப்பல் பாய்போல் உப்பி, ஃபோக்கஸ் நிற்காது.