வாகனப் பொறியியல் முனைவர் ஆய்வு: சிமுலேஷனா, டெஸ்ட் ரிக்கா, சாலைச் சோதனையா?

வாகனப் பொறியியலில் முனைவர் ஆய்வுக்குச் சேருபவர்கள் தலைப்பைப் பற்றித்தான் நிறைய யோசிக்கிறார்கள். அடுத்த மூன்று, நான்கு ஆண்டுகளின் போக்கைத் தீர்மானிப்பதோ, சான்றை எங்கிருந்து எடுக்கப் போகிறோம் என்ற முடிவு. கணினி மாதிரி, ஆய்வக ரிக் (பாகங்களை ஆட்டிச் சோதிக்கும் அமைப்பு), ஓடும் வண்டி என்று மூன்று வழிகள். ஒரே கேள்வியை மூன்றிலும் ஓட்டிப் பார்த்தால் வேறுபாடு பளிச்சென்று தெரியும்.

கேள்வி இது: செமி-ஆக்டிவ் டேம்பரை (தணிப்பு விசையை ஓட்டத்திலேயே மாற்றக்கூடிய அதிர்வுத் தணிப்பான்) ஸ்கைஹூக் முறையில் (வண்டியின் உடலை வானத்தில் மாட்டிய டேம்பர் பிடித்திருப்பது போல நடக்கவைப்பது) கட்டுப்படுத்தினால் பயணச் சொகுசு எவ்வளவு கூடும், அதற்காகச் சாலைப்பிடிப்பில் எவ்வளவு இழப்போம்? கார்னாப், கிராஸ்பி, ஹார்வுட் மூவரும் 1974இல் முன்வைத்த இந்த முறை இன்றும் புதிய கட்டுப்பாட்டு முறைகளுக்கு உரைகல்லாக இருக்கிறது.

சிமுலேஷன்

தொடங்க எளிது. மேல்நிறை (ஸ்பிரிங்குக்கு மேலுள்ள உடற்பகுதி) 400 கிலோ, சக்கரப் பகுதி 40 கிலோ, ஸ்பிரிங் மீட்டருக்கு 20 கிலோநியூட்டன், டயர் மீட்டருக்கு 200 கிலோநியூட்டன் என்று ஒரு குவார்ட்டர் கார் மாதிரி (ஒரு சக்கரமும் அது தாங்கும் கால் பங்கு வண்டியும்) எழுதலாம். மேல்நிறை ஏறத்தாழ 1.1 ஹெர்ட்ஸிலும், சக்கரம் 11.8 ஹெர்ட்ஸிலும் அதிரும். சாலைக்கு, மேடுபள்ளத்தை வகைப்படுத்தும் ஐஎஸ்ஓ 8608 தரத்தின் சி வகை. சொகுசை அளக்க ஐஎஸ்ஓ 2631-1 தரம் சொல்லும், மனித உடல் அதிர்வை உணரும் அளவுக்கேற்ப எடையிட்ட முடுக்கம். சில வாரங்களில் வரைபடங்கள் வந்துவிடும். ஆபத்தும் அங்கேதான் இருக்கிறது.

மாதிரியில் டேம்பர் விசை கேட்ட கணமே மாறுகிறது. நிஜ வால்வுக்கும் அதன் மின்சுற்றுக்கும் நேரம் பிடிக்கும். 10 மில்லிவினாடி தாமதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 1.1 ஹெர்ட்ஸில் அது 4 டிகிரி கட்ட வேறுபாடுதான் (அலை பின்தங்கும் அளவு), பொருட்படுத்த வேண்டாம். 11.8 ஹெர்ட்ஸிலோ 42 டிகிரி. மேல்நிறையின் அசைவு சொன்னபடி அடங்கும்; சக்கரத் துள்ளல் அடங்காது. தாமதத்தை விட்டுவிட்டு "சாலைப்பிடிப்பும் கெடவில்லை" என்று எழுதும் ஆய்வேடு, சரியாக எந்த இடத்தில் தவறு நேருமோ அந்த இடத்தைப் பார்க்காமலேயே முடிவு சொல்கிறது.

அடுத்த பிழை ஒற்றைச் சாலை. தரம் தருவது சாலையின் புள்ளியியல் வடிவத்தை மட்டுமே. அதிலிருந்து எத்தனை சாலைகளை வேண்டுமானாலும் உருவாக்கலாம். ஒரே ஒரு சாலையில் கிடைத்த 4 சதவீத முன்னேற்றம் அடுத்த சாலையில் காணாமல் போகலாம். குறைந்தது இருபது, முப்பது சாலைகளில் ஓட்டிச் சராசரியோடு பரவலையும் கொடுங்கள். ஸ்கைஹூக் சட்டென்று நிலை மாறும் முறை என்பதால், கணக்கிடும் நேரப்படியைப் பாதியாக்கி விடை மாறுகிறதா என்றும் பார்க்க வேண்டும். மாறினால் அதுவரை பார்த்ததில் ஒரு பகுதி டேம்பரின் நடத்தையே அல்ல, கணக்கீட்டின் நடத்தை.

அளந்த தரவோடு மாதிரியைப் பொருத்திவிட்டு, அதே தரவைக் காட்டிச் "சரிபார்த்தோம்" என்பதும் செல்லாது. ஒரு வேகத்தில் எடுத்த தரவால் மாறிலிகளைக் கண்டுபிடியுங்கள். வேறு வேகத்தில், வேறு சாலையில் எடுத்த தரவால் சோதியுங்கள். மாதிரியை ஆக்கும்போது தொடாத தரவு கையில் இல்லையென்றால், சிமுலேஷனை மட்டும் நம்பிய ஆய்வேட்டை வாய்மொழித் தேர்வில் காப்பாற்றுவது கடினம்.

டெஸ்ட் ரிக்

மூன்றில் மாணவரை அதிகம் உருவாக்குவது இதுதான் என்பது எங்கள் துணிபு. மிக மெதுவானதும் இதுவே. ஹைட்ராலிக் ஆக்சுவேட்டர் (எண்ணெய் அழுத்தத்தால் ஆட்டும் கருவி), லோட் செல் (விசை உணரி), பாதுகாப்புத் துண்டிப்பு எல்லாம் வாங்கி, பொருத்தி, அளவுதிருத்தம் செய்து முடிக்க ஓர் ஆண்டுக்கு மேல் ஓடிவிடலாம். அந்த ஓராண்டில் கட்டுரை ஏதும் வராது. இதை நெறியாளரும் மாணவரும் முதல் நாளே பேசி ஒப்புக்கொள்ள வேண்டும்.

டேம்பரை மட்டும் தனியாகச் சோதிப்பதிலிருந்து தொடங்குங்கள். 25 மில்லிமீட்டர் வீச்சில், 3.3 ஹெர்ட்ஸ் சைன் அசைவு கொடுத்தால் உச்ச வேகம் வினாடிக்கு 0.52 மீட்டர். வீச்சை மாற்றாமல் அதிர்வெண்ணைக் கூட்டிக் குறைத்து மற்ற வேகங்களை எடுக்கலாம். வரிசை முக்கியம்: டேம்பரை மாட்டும் முன் லோட் செல்லைச் சுழியாக்கு, மாட்டியபின் நடு நிலையில் நிறுத்தி வாயு அழுத்தத்தின் நிலை விசையைக் குறித்துக்கொள், சில சுற்றுகள் ஓட்டிச் சூடாக்கு, வெளிக்குழாயில் ஒட்டிய தெர்மோகப்பிள் (வெப்பநிலை உணரி) குறித்த வரம்புக்குள் இருக்கும்போது மட்டும் பதிவு செய். எண்ணெய் சூடானால் விசை குறையும். வெப்பநிலையைக் கவனிக்காமல் சிறு வேகத்திலிருந்து பெருவேகம் வரை ஒரே மூச்சில் ஓட்டினால், வேகத்தின் விளைவும் சூட்டின் விளைவும் கலந்துவிடும். பிறகு பிரிக்க வழியில்லை.

விசை–இடப்பெயர்ச்சி வளையத்தை உற்றுப் பாருங்கள். அசைவு திசை திரும்பும் இரு முனைகளிலும் விசை சற்று நேரம் நகராமல் படுத்திருந்தால், பின் மூட்டில் ஆட்டம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். டேம்பரைக் குறை சொல்வது அதற்குப் பிறகு. லோட் செல்லை அசையும் பக்கத்தில் வைத்திருந்தால், அதோடு சேர்ந்து ஆடும் 2 கிலோ பிடிப்பான்கூட 12 ஹெர்ட்ஸ், 5 மில்லிமீட்டர் வீச்சில் ஏறத்தாழ 57 நியூட்டனைப் பொய்யாகச் சேர்க்கும். அசையாத பக்கத்துக்கு மாற்றுவதே தீர்வு. ரிக் சட்டத்தையே ஒரு முறை சுத்தியலால் தட்டி அதிர்வைச் சோதித்து, அதன் இயல்பு அதிர்வெண் சோதனை எல்லைக்கு வெளியே இருக்கிறதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள்.

அடுத்த படி, நிஜ ஸ்பிரிங்கும் டேம்பரும் ரிக்கில், மீதி வண்டி கணினியில். கவர்ச்சியான ஏற்பாடு, ஆனால் ஆக்சுவேட்டரின் தாமதம் இங்கே இயற்பியலையே மாற்றிவிடும். 5 மில்லிவினாடி தாமதத்தில், மீட்டருக்கு 20 கிலோநியூட்டன் ஸ்பிரிங்கிலிருந்து மீட்டர்/வினாடிக்கு 100 நியூட்டன் அளவுக்கு எதிர்மறைத் தணிப்பு நுழையும். தணிப்பெண் மீட்டர்/வினாடிக்கு 1500 நியூட்டன் உள்ள டேம்பரோ 7.5 கிலோ நிறையைக் கழித்தது போல நடந்துகொள்ளும். சக்கரப் பகுதியே 40 கிலோதான் என்பதை நினைத்தால் இது சின்னப் பிழை அல்ல. தாமதத்தை அளந்து, ஈடுசெய்து, மிஞ்சிய பிழையையும் எழுதிய பிறகே முடிவுகளைப் பேச வேண்டும்.

முழு வண்டியை நான்கு தூண்களில் நிறுத்தி ஆட்டும் ரிக்கில் வேறு சிக்கல். சக்கரம் சுழல்வதில்லை, சஸ்பென்ஷன் மேலும் கீழும் போகும்போது டயர் பக்கவாட்டில் நகரப் பார்க்கும், தட்டு அதைப் பிடித்துக்கொள்ளும். பக்கவாட்டில் வழுக்கும் தட்டு இல்லையென்றால் சஸ்பென்ஷன் உள்ளதைவிட விறைப்பாகத் தெரியும்.

சாலைச் சோதனை

வாசகர் உடனே நம்புவது இதை. கட்டுப்பாடு மிகக் குறைவாக இருப்பதும் இதில்தான். ஐஎஸ்ஓ 8608 விவரிப்பது போன்ற சாலையில் முடுக்கத்தின் ஆர்எம்எஸ் மதிப்பு (வர்க்கங்களின் சராசரிக்கு வர்க்கமூலம்) வேகத்தின் வர்க்கமூலத்தோடு கூடும். ஓட்டுநர் 5 சதவீதம் வேகமாகப் போனாலே 2.5 சதவீதம் மாறிவிடும். நீங்கள் காட்ட நினைக்கும் முன்னேற்றமே 4 சதவீதம் என்றால், குரூஸ் கன்ட்ரோலும் வேகப் பதிவும் இல்லாமல் வண்டியைக் கிளப்பாதீர்கள். டயர் 10 டிகிரி சூடானால் அழுத்தம் ஏறத்தாழ 0.1 பார் ஏறும். ஆகவே காலை முழுக்கக் கட்டுப்பாடு இல்லாமல், மதியம் முழுக்கக் கட்டுப்பாட்டோடு என்று ஓட்டவே கூடாது. ஒன்றுவிட்டு ஒன்றாக மாற்றி ஓட்டுங்கள். எந்த நிலை என்பது ஓட்டுநருக்குத் தெரியாமல் இருந்தால் இன்னும் நல்லது.

மேல்நிறை 1 ஹெர்ட்ஸ் அருகே ஆடுவதால், நிலையான முடுக்கத்தையும் காட்டக்கூடிய கபாசிட்டிவ் சென்சார்கள் வேண்டும். பீசோ வகையில் பல இந்த எல்லையில் கட்டத்தைத் திரிக்கும். அலியாசிங்கைத் (உயர் அதிர்வெண் தாழ்வானதாகப் பதிவாகும் பிழை) தடுக்கும் வடிகட்டி, பதிவுக்கு முன் இருக்க வேண்டும். பதிவான பிறகு எந்த மென்பொருளாலும் அந்தப் பிழையைச் சரிசெய்ய முடியாது. பயணிகளிடம் சொகுசு மதிப்பெண் கேட்பதாக இருந்தால் நெறிமுறைக் குழுவின் அனுமதியும் தேவை. அதற்கு மாதங்கள் ஆகலாம்.

எதை எடுப்பது?

ஆய்வகத்தில் ஓடுகிற ரிக் ஏற்கெனவே இருந்தால் அதையே முதுகெலும்பாக வையுங்கள். சிமுலேஷன் அதற்கு முன் எதை அளக்க வேண்டும் என்று சொல்லட்டும். சாலைச் சோதனை கடைசி ஆண்டில் ஓரிரு வாரம், முடிவுகளின் வரிசை மாறுகிறதா என்று பார்க்க மட்டும். ரிக் இல்லை, கையில் மூன்றே ஆண்டு என்றால் புதிதாகக் கட்ட இறங்காதீர்கள். டேம்பர் அளவுகளை வேறொரு ஆய்வகத்தில் எடுத்துவர ஏற்பாடு செய்துகொண்டு, சிமுலேஷனைப் பிழை எல்லைகளோடு ஆழமாகச் செய்யுங்கள். சாலைச் சோதனையை மட்டும் நம்பித் தொடங்குவதை நாங்கள் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டோம்: வண்டி, ஓட்டுநர், சோதனைத் தடம், வானிலை நான்கில் எதுவுமே மாணவர் கையில் இல்லை.

சேரும் முன் நெறியாளரிடம் கேட்க வேண்டியவை: லோட் செல் கடைசியாக எப்போது அளவுதிருத்தம் செய்யப்பட்டது, ரிக் கெட்டால் பழுதுபார்க்கும் தொழில்நுட்பர் யார், அவருடைய நேரத்தை எத்தனை மாணவர்கள் பங்கிடுகிறார்கள், முந்தைய மாணவரின் மூலத்தரவு எங்கே இருக்கிறது, அதை இன்று திறந்து படிக்க முடியுமா. கடைசிக் கேள்விக்குத் தெளிவான பதில் கிடைக்கும் ஆய்வகத்தில் முதல் ஓராண்டை மிச்சப்படுத்தலாம்.