லேபிளா, சொந்த வெளியீடா: மாஸ்டர் யார் கையில்?

சினிமா சாராத ஒரு பாட்டை ஆடியோ லேபிளிடம், அதாவது பாட்டு வெளியிடும் நிறுவனத்திடம் கொடுக்கலாம். ஸ்பாட்டிஃபை போன்ற செயலிகளுக்குப் பாட்டை அனுப்பித் தரும் விநியோகத் தளம் வழியாக நாமே வெளியிடவும் செய்யலாம். லேபிளால் கிடைப்பது எல்லாருக்கும் தெரியும்: முன்பணம், வீடியோச் செலவு, ஏற்கெனவே கூட்டம் சேர்ந்த யூடியூப் சேனல். முதல் வாரக் கணக்கில் சொந்த வெளியீடு அதற்கு ஈடாகாது. அப்படியும் என் ஓட்டு சொந்த வெளியீட்டுக்குத்தான். காரணம் மாஸ்டர், அதாவது பாட்டின் மூல ஒலிப்பதிவு.

நம் பதிப்புரிமைச் சட்டப்படி ஒலிப்பதிவு அதன் தயாரிப்பாளருக்குச் சொந்தம். முன்முயற்சி எடுத்து, பொறுப்பேற்றுப் பதிவு செய்தவரே தயாரிப்பாளர். ஸ்டுடியோ செலவை லேபிள் ஏற்றால் அந்த இடம் பெரும்பாலும் லேபிளுக்குப் போய்விடும், 60 ஆண்டுகளுக்கு. மெட்டு, வரிகளின் உரிமையையும் சேர்த்தே எழுதி வாங்கிவிட்டால், பாட்டை 30 நொடியாக நறுக்கி விளம்பரத்தில் போடுவதையும் ரீமிக்ஸ் விடுவதையும் அவர்களே முடிவு செய்வார்கள். உரிமையை விற்ற பிறகும், பெயர் கெடும்படி படைப்பைச் சிதைத்தால் 57ஆம் பிரிவின்கீழ் வழக்குப் போடலாம். ஆனால் சிதைவு என்று நிரூபிக்கும் சுமை பாட்டுக்காரர் தலையில். மாஸ்டர் நம்மிடம் இருந்தால் ‘வேண்டாம்’ என்ற ஒரு மின்னஞ்சலோடு பேச்சு முடியும்.

அந்த உரிமை காகிதத்தில் நிற்க வேண்டும். ஸ்டுடியோ ரசீதை உங்கள் பெயரில் வாங்குங்கள். வாசித்தவர், பாடியவர், மிக்ஸிங் செய்தவர் எல்லாரிடமும் பதிவின் உரிமை உங்களுக்கே என்று பணம் கொடுக்கும் அன்றே கையெழுத்து வாங்குங்கள். பாட்டு ஓடிய பிறகு கேட்டால் பேரம் மாறும். பலருக்கும் விற்கப்படும் பீட்டை (ஆயத்தப் பின்னணி இசையை) வாடகைக்கு எடுத்திருந்தால், ஒரே ஒலி வரும் வீடியோக்களைத் தானாகக் கண்டுபிடிக்கும் யூடியூபின் கன்டென்ட் ஐடியில் பாட்டைப் பதிவு செய்யாதீர்கள். அதே பீட்டில் பாடிய அடுத்தவர் பாட்டுக்கும் உங்கள் பெயரில் உரிமைகோரல் போய் விழும்.

பராமரிப்பும் உண்டு. ஆண்டுச் சந்தா வாங்கும் தளத்தில் சந்தாவை நிறுத்தினால் பாட்டே இறங்கிவிடக்கூடும். ஒருமுறைக் கட்டணத் தளத்தில் அந்தப் பயம் குறைவு. தளம் மாறும்போது அதே ஆடியோ, அதே ஐ.எஸ்.ஆர்.சி. எண்ணோடு (ஒவ்வொரு ஒலிப்பதிவுக்கும் உள்ள அடையாள எண்) புதியதில் ஏற்றி, அது வந்த பிறகே பழையதை நீக்குங்கள். இல்லையென்றால் கேட்பு எண்ணிக்கை பூஜ்யத்துக்குப் போகலாம். ஸ்பாட்டிஃபை பிளேலிஸ்ட்டில் இடம்பெற, வெளியீட்டுக்கு 7 நாளாவது முன்னால் விண்ணப்பிப்பது நல்லது. வருமானத்தில் பெரிய நம்பிக்கை வேண்டாம்: 12 மாதத்தில் 1,000 முறை கேட்கப்படாத பாட்டுக்கு ஸ்பாட்டிஃபை காசே தராது.

பெரிய வாத்தியக் குழு, தரமான வீடியோ என்று கைக்கு மீறிய செலவு இருந்தால் லேபிள்தான் வழி. அப்போதும் விற்காதீர்கள், உரிமம் மட்டும் கொடுங்கள். 3 அல்லது 5 ஆண்டு என்று காலத்தையும், எந்தெந்த நாடு என்பதையும் எழுதுங்கள். ‘உலகெங்கும், நிரந்தரமாக’ என்ற வரியை அடித்துவிடுங்கள். பதிப்புரிமைச் சட்டத்தின் 2012 திருத்தத்துக்குப் பின் பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் தங்கள் ராயல்டிப் பங்கை லேபிளுக்கு விட்டுக்கொடுக்க முடியாது, அவர்களுக்கு ராயல்டி வசூலித்துத் தரும் சங்கமான ஐ.பி.ஆர்.எஸ்.ஸில் உறுப்பினராகி அதை வாங்குங்கள். காலம் முடிந்ததும் அவர்கள் சேனலில் உள்ள வீடியோ இருக்குமா, நீங்குமா, இருந்தால் வருமானம் யாருக்கு என்பதையும் அதே ஒப்பந்தத்தில் சேருங்கள். அங்கே சேர்ந்த பார்வைகள் உங்கள் சேனலுக்கு இடம் மாறாது.