களத்தில் நெல், கையில் ரேடார்: ஆறு கோடைகாலத்து அனுபவம்

எங்கள் குடும்பத் தொழில் நெல் அவிப்பது. ஆரணியிலிருந்து கொஞ்சம் தள்ளி ஒரு சின்ன அரிசி மில், முன்னால் சிமெண்டுக் களம். நெல் உலர்த்தும் இயந்திரம் (டிரையர்) போட வசதி இல்லை, அதனால் அவித்த நெல்லை இன்னும் வெயிலில்தான் காய வைக்கிறோம். இதனால்தான் எனக்கு வானிலைப் பித்து பிடித்தது என்று வீட்டில் சொல்லி வைத்திருக்கிறேன். உண்மையில் பித்து முதலில் பிடித்தது, நெல் பிறகு கிடைத்த சாக்கு.

களம் முழுக்கப் பரப்பிய நெல்லைப் பலகை போட்டு இழுத்து, குவித்து, தார்ப்பாய் போர்த்தி, ஓரத்தில் கல் வைக்க ஆறு பேருக்கு நாற்பது நிமிடம் ஆகும். ஆக, எனக்கு வேண்டியது நாற்பது நிமிட முன்னறிவிப்பு. அதற்குக் குறைந்தால் நெல் நனையும். நனைந்த புழுங்கல் நெல்லில் சிக்கு வாடை வந்துவிடும், அரிசி மங்கிப் போகும். சரி, பயந்துகொண்டு மதியமே மூடிவிடலாமே என்றால் அதுவும் முடியாது. சூட்டோடு குவித்து மூடினால் உள்ளே வேர்த்துக்கொண்டு அதே வாடைதான். வராத மழைக்கு மூடினாலும் நஷ்டம், வந்த மழைக்கு மூடாவிட்டாலும் நஷ்டம். ஆறு கோடையாக நான் பயன்படுத்தும் செயலி, தளம் எல்லாவற்றையும் இந்த ஒரு தராசில்தான் எடை போட்டிருக்கிறேன்.

காலையில் பார்ப்பது விண்டி என்ற வானிலைத் தளம். வானிலையைக் கணினியில் கணக்கிட்டு முன்கூட்டிச் சொல்லும் ஐரோப்பிய மாடல், அமெரிக்காவின் ஜிஎஃப்எஸ் மாடல் இரண்டையும் ஒன்றன் மேல் ஒன்றாக மாற்றிப் பார்க்க இதைவிட வசதியானது எனக்குக் கிடைக்கவில்லை. இலவசத்தில் மூன்று மணி நேரத்துக்கு ஒரு படிதான் கிடைக்கும். மணிக்கு மணி பார்க்கக் காசு கட்ட வேண்டும். நான் கட்டவில்லை. கோடை இடிமழைக்கு மணிக்கு மணி பார்ப்பதில் பெரிய அர்த்தமும் இல்லை. ஐரோப்பிய மாடல் உலகத்தைச் சுமார் 9 கி.மீ. கட்டங்களாகப் பிரித்துக் கணக்குப் போடுகிறது. நம் ஊர் இடிமேகம் பல நாள் அந்த ஒரு கட்டத்துக்குள்ளேயே பிறந்து செத்துவிடும். அதனால் மேகத்தை அது நேரடியாகப் பார்ப்பதில்லை, இந்தக் கட்டத்தில் இவ்வளவு மழை பெய்திருக்கலாம் என்று உத்தேசமாகச் சொல்கிறது. அடுப்பில் பால் வைத்தால் பொங்கும் என்று அதற்குத் தெரியும். எந்தப் பக்கம் வழியும் என்று தெரியாது.

முதல் வருடம் இது புரியாமல், மாடலில் ஆரணி மேல் நீலம் விழுந்த நாளெல்லாம் மதியம் மூன்றுக்கே களத்தை மூட வைத்தேன். மழை போளூரில் பெய்யும், கண்ணமங்கலத்தில் பெய்யும். களத்தில் இருபது வருடமாக வேலை செய்யும் அக்கா ஒருவர், “தம்பி, உன் போன்ல இன்னைக்கு எந்த ஊருக்கு மழை போட்டிருக்கு?” என்று கேட்டுவிட்டுத்தான் பலகையையே தொடுவார்.

இப்போது மாடலில் மழை நிறத்தைப் பார்ப்பதே இல்லை. பார்ப்பது இரண்டு. ஒன்று, ‘கேப்’ எனப்படும் காற்றின் உள்சக்தி. மேலெழும் காற்றுக்கு எவ்வளவு வலு கிடைக்கும் என்று சொல்லும் அளவு இது. மே மாதத்தில் 2000, 3000 என்று காட்டுவது நமக்குச் சாதாரணம், அதை மட்டும் நம்பினால் தினமும் ஏமாற்றம்தான். இரண்டாவது, அந்தச் சக்தி மேல் உட்கார்ந்திருக்கும் மூடி. கொஞ்சம் உயரத்தில் சூடான, உலர்ந்த காற்று ஒரு அடுக்காகப் படிந்திருந்தால் கீழே எவ்வளவு கொதித்தாலும் மேகம் எழும்பாது. மீனம்பாக்கத்திலிருந்து காலை 5.30-க்குப் பறக்கவிடும் பலூன் தரும் அளவுகளில் இந்த மூடி தெரியும். அமெரிக்காவின் வயோமிங் பல்கலைக்கழகத் தளத்தில் அந்த வரைபடத்தை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். படிக்கப் பழக எனக்கு ஒரு வருடம் ஆனது. ஆனால் அது கடற்கரைக் காற்றின் கதை, எங்கள் ஊர் அங்கிருந்து நூறு கி.மீ.க்கு மேல் உள்ளே. அந்த வித்தியாசத்தை மனதில் கழித்துக்கொண்டுதான் படிக்க வேண்டும்.

வானிலை ஆய்வு மையத்தின் அறிக்கையைப் பலர் கேலி செய்வதைப் பார்க்கிறேன். “ஓரிரு இடங்களில்” என்றால் தப்பித்துக்கொள்ளச் சொல்லும் வார்த்தை என்று நானும் நினைத்திருந்தேன். அதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. அந்தப் பகுதியில் உள்ள மழைமானி நிலையங்களில் கால்வாசியோ அதற்குக் குறைவோ மழை பெறும் என்று எதிர்பார்த்தால் “ஓரிரு”, முக்கால்வாசிக்கு மேல் என்றால் “பெரும்பாலான”. இது தெரிந்த பிறகு அறிக்கை வேறு மாதிரிப் படிக்க வந்தது. “ஓரிரு” நாளில் களத்தில் நெல் பரப்புவேன், “பெரும்பாலான” நாளில் அவிக்கவே மாட்டேன். அடுத்த 3 மணி நேரத்துக்கு என்று டிவியில் கீழே ஓடுகிற மாவட்டப் பட்டியல் எனக்கு ஓர் எச்சரிக்கை மணி போல, அவ்வளவுதான். திருவண்ணாமலை மாவட்டம் என்பது ஜவ்வாது மலை முதல் வந்தவாசி வரை. அதில் என் களம் ஒரு புள்ளி.

செயற்கைக்கோள் படம் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. இன்சாட் படங்கள் பார்க்க அழகு. ஆனால் இடிமேகத்தின் உச்சி குடை மாதிரி விரிந்து அரை மாவட்டத்தை மறைத்துவிடும், அடியில் மழை எங்கே பெய்கிறது என்று தெரியாது. மதியம் இரண்டரைக்குத் திருப்பத்தூர், ஏலகிரிப் பக்கம் பொட்டுப் பொட்டாக வெள்ளை முளைக்கிறதா என்று ஒருமுறை பார்ப்பதோடு சரி.

அப்புறம் ரேடார், அதாவது அலைகளை அனுப்பி, மழையில் பட்டுத் திரும்பும் எதிரொலியை வைத்து மழை எங்கே என்று காட்டும் கருவி. என் வானிலை வாழ்க்கையில் பாதி இதில்தான் போயிருக்கிறது.

சென்னைத் துறைமுகத்தில் இருக்கும் டாப்ளர் ரேடார் 2002 முதல் இயங்குகிறது. காரைக்காலிலும் ஸ்ரீஹரிகோட்டாவிலும் உண்டு. எங்களுக்குச் சென்னைதான் பக்கம். பக்கம் என்றால் 120 கி.மீ. இந்தத் தூரம் ஏன் முக்கியம் என்று மெதுவாகத்தான் விளங்கியது. ரேடார் கதிர் கொஞ்சம் மேல்நோக்கிச் சாய்ந்து போகிறது, பூமியோ வளைந்து கீழே இறங்குகிறது. எங்கள் ஊருக்கு வரும்போது அந்தக் கதிர் தரையிலிருந்து ஏறத்தாழ 2 கி.மீ. உயரத்தில் இருக்கும். அதற்குக் கீழே நடக்கும் தூறலும், காற்று வாரியடிப்பதும் அதன் கண்ணில் படாது. அதே போல மேலே மழை இருந்து, வரும் வழியிலேயே காய்ந்து போவதும் உண்டு. படத்தில் பச்சை தெரியும், களத்தில் ஒரு சொட்டு விழாது.

புதிதாகப் பார்க்கத் தொடங்குகிறவர்கள் எல்லாரும் முதலில் திறப்பது ‘மேக்ஸ் இசட்’ படத்தைத்தான். நானும் அப்படித்தான். ஒவ்வொரு இடத்துக்கும் மேலே, எந்த உயரத்தில் இருந்தாலும் சரி, மிக வலுவான எதிரொலியை எடுத்துக் காட்டும் படம் அது. அதனால் பார்க்கும்போது மழை உள்ளதைவிடப் பெரிதாகத் தெரியும். அதன் உண்மையான பயன் ஓரத்தில் இருக்கும் இரண்டு பட்டைகளில் இருக்கிறது. மேகத்தைப் பக்கவாட்டில் வெட்டினால் எவ்வளவு உயரம் என்று அவை காட்டும். 6, 7 கி.மீ. என்றால் சாதாரண மழை. 14, 15 கி.மீ. வரை நிறம் ஏறி, நடுவில் 50 டிபிஇசட்டை (எதிரொலியின் வலுவைச் சொல்லும் அளவு) தாண்டிய சிவப்பு இருந்தால் தார்ப்பாய்க்குக் கல் போதாது, மூட்டை வேண்டும். ஆலங்கட்டியும் விழலாம். இன்னொரு படம் ‘விவிபி’: உயர உயரக் காற்று எந்தத் திசையில் எவ்வளவு வேகத்தில் போகிறது என்று வரிசையாகக் கொடிக்குறிகள். 3 முதல் 5 கி.மீ. உயரத்துக் காற்றுத்தான் பெரும்பாலும் மழையை இழுத்துப் போகும் மாடு. ஜூன் முதல் செப்டம்பர் வரை அங்கே மேற்குக் காற்று ஓடுவதால் எங்கள் பக்கம் மாலையில் முளைத்த மழை இரவில் சென்னைக்குப் போகும். சென்னை நண்பர்கள் எட்டு மணிக்கு போன் செய்து “உங்க ஊர்ல என்ன நிலவரம்?” என்று கேட்பது என் மேல் உள்ள பாசத்தால் அல்ல.

சில சின்ன விஷயங்களை யாரும் சொல்லித் தரவில்லை, அடிபட்டுக் கற்றேன். படத்தில் இருக்கும் நேரம் யுடிசி எனப்படும் உலகப் பொது நேரம், நம் நேரத்துக்கு ஐந்தரை மணி கூட்ட வேண்டும். சூரியன் சாயும் நேரத்தில் மேற்கே நேர்க்கோடாக ஒரு கீற்று வந்தால் அது மழை இல்லை, சூரியனே ரேடாரில் விழுகிறது. படம் பத்து நிமிடத்துக்கு ஒன்று என்றாலும் கைக்கு வரும்போது இன்னும் பத்து நிமிடம் பழசாகியிருக்கும். ஒருநாள் நான் பார்த்துக்கொண்டிருந்த தளத்தில் படம் ஒரு மணி நேரமாக நகரவே இல்லை. நேரத்தைப் பார்க்காமல், மழை வேலூரிலேயே நிற்கிறது என்று நிம்மதியாக டீ குடித்தேன். டீ கிளாஸில் முதல் சொட்டு விழுந்தது.

ஆனால் நான் மறக்காத நாள் வேறு. ரேடார் ஒழுங்காக வேலை செய்த நாள் அது.

மே மாதம். நாலே முக்காலுக்கு ஆம்பூருக்கும் வேலூருக்கும் நடுவில் நல்ல சிவப்பு, உயரம் 15 கி.மீ. நகர்வு வடகிழக்கே. கோடு போட்டுப் பார்த்தேன், எங்களுக்கு வடக்கே ஆற்காடு பக்கம் போய்விடும். “நமக்கு இல்லப்பா” என்று அப்பாவிடம் சொன்னேன். அவர் பதில் சொல்லாமல் கிழக்கே பார்த்துக்கொண்டிருந்தார். செய்யாறு பக்கத்திலிருந்து கடல்காற்று வந்து சேர்ந்திருந்தது, சட்டை ஒட்டுகிற ஈரம். ஐந்தேகாலுக்கு வடமேற்கிலிருந்து திடீரென்று ஜில்லென்று காற்று, புழுதியோடு. வேலூர் மழை கீழே கொட்டிய குளிர்காற்று தரையோடு பரவி எங்கள் ஊர் வரை வந்துவிட்டது. வடமேற்குக் குளிர்காற்றும் கிழக்குக் கடல்காற்றும் எங்கள் தலைக்கு மேலேயே முட்டிக்கொண்டன. போனில் இருந்த கடைசிப் படத்தில் ஆரணி மேல் ஒன்றுமே இல்லை. நிமிர்ந்து பார்த்தால் ஈசான மூலையில் கருப்பாக ஒரு கோட்டை எழும்பிக்கொண்டிருக்கிறது.

“டேய், அந்தப் போனை வச்சிட்டுப் பாயைப் பிடி!”

இருபது நிமிடம் கிடைத்தது. பாதி நெல்லைக் குவித்தோம். தார்ப்பாயின் ஒரு முனையை அக்கா பிடித்திருந்தார், காற்று அதைப் பாய்மரம் மாதிரித் தூக்கியதில் அவரே இரண்டடி இழுபட்டுப் போனார். மீதி நெல் வடிகால் ஓரமாக மிதந்து போனதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அடுத்து வந்த படத்தில், அதாவது எல்லாம் முடிந்த பிறகு, எங்கள் ஊர் மேல் அழகான சிவப்பு.

அன்றிலிருந்து ரேடாரில் மழையைத் தேடுவதோடு நிறுத்துவதில்லை. 40 கி.மீ.க்குள் பெரிய மழை ஒன்று கொட்டி ஓய்கிறதா, அதே நேரம் கடல்காற்று வந்துவிட்டதா என்று பார்க்கிறேன். இரண்டும் சேர்ந்தால் படத்தில் எங்கள் ஊர் வெறுமையாக இருந்தாலும் பலகையை எடுத்துவிடுவோம். இதைச் சொல்லும் செயலி எதுவும் நான் பார்த்தவரை இல்லை. அப்பா ஈசான மூலையைப் பார்ப்பதையும் இப்போது நான் கிண்டல் செய்வதில்லை. சில நாள் அவரும் ஏமாறுகிறார், அதை மட்டும் தேதியோடு குறித்து வைத்திருக்கிறேன்.

தாமினி பற்றி. புனேயில் உள்ள வெப்பமண்டல வானிலையியல் நிறுவனத்தின் மின்னல் செயலி. நாம் நிற்கும் இடத்தைச் சுற்றி மின்னல் எங்கே விழுந்தது என்று வரைபடத்தில் காட்டும். நெல்லுக்காக அல்ல, ஆட்களுக்காக இதை வைத்திருக்கிறேன். திறந்த களத்தில் ஈரத் தார்ப்பாயைப் பிடித்துக்கொண்டு நிற்பதைவிட ஆபத்தான வேலை இருக்கிறதா தெரியவில்லை. செயலியோடு பழைய வழியும் உண்டு: மின்னியதிலிருந்து இடி கேட்கும் வரை எண்ணுவது. மூன்று விநாடிக்கு ஒரு கி.மீ. முப்பதுக்குள் கேட்டால் மின்னல் 10 கி.மீ.க்குள் வந்துவிட்டது, நெல் எப்படி இருந்தாலும் எல்லாரும் மில்லுக்குள். இதில் மட்டும் அப்பாவோடு வாக்குவாதமே கிடையாது. அவர் கேட்காவிட்டாலும் ஆட்கள் கேட்கிறார்கள்.

காசு கட்டிய அனுபவத்தையும் சொல்லிவிடுகிறேன். “உங்கள் தெருவில் 4.20-க்கு மழை தொடங்கும்” என்று நிமிடக் கணக்கில் சொல்லும் செயலி ஒன்றுக்கு ஒரு வருடம் சந்தா கட்டினேன். பெயர் வேண்டாம். இருக்கிற மழையை அதே திசையில் நகர்த்திப் பார்த்துச் சொல்லும் வகைதான் அது என்று என் ஊகம். மணிக்கணக்கில் நிலையாக நகரும் மழைக்கு அது போதும். அரை மணியில் பிறந்து, ஒரு மணியில் சாகிற எங்கள் ஊர் மேகத்துக்கு அது ஒத்துவரவில்லை. எல்லாம் ஓய்ந்து தவளை கத்தும் நேரத்தில் “மழை நெருங்குகிறது” என்று மணி அடித்த நாட்கள் உண்டு.

அடுத்த வருடம் சந்தாவைப் புதுப்பிக்காமல் அந்தப் பணத்தோடு கொஞ்சம் சேர்த்து இன்னொரு தார்ப்பாய் வாங்கினோம், நல்ல கனமானது, ஓரத்தில் கண்ணி வைத்தது. களத்தைச் சுற்றி இரும்பு வளையம் பதித்தோம். இப்போது கல்லும் மூட்டையும் தேடாமல் கயிறு மாட்டினால் போதும், நாற்பது நிமிடம் இருபத்தைந்தாகக் குறைந்திருக்கிறது. அந்தப் பதினைந்து நிமிடத்தை இதுவரை எந்தச் செயலியும் எனக்குக் கொடுக்கவில்லை.